பெரட்டில் மீனம்மாவின் பெயர்

உடப்புசல்லாவை,
2-1-1955

அன்புள்ள மீனம்மாவுக்கு உன் கணவன் அழகுமுத்து எழுதுவது. நானும் நம் லயத்துக் காம்பராவும் இருந்தபடி இருக்கிறோம். நீயும் பாப்பாவும் சுகமாக இருக்க மாரியாத்தா துணை நிற்பாள். உனக்கு இதை வாசித்துக் காட்டப் போகிற முத்துலிங்கம் மச்சானுக்கும் என் வணக்கம். மச்சான், எழுதியதை மட்டும் உங்கள் தங்கைக்கு வாசியுங்கள். நடுவில் உங்கள் அபிப்பிராயத்தைச் சேர்க்க வேண்டாம். தமாஷுக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மீனம்மா, கார்த்திகையில் உன்னையும் பிள்ளையையும் அழைத்துவர பட்டிப்பொலவுக்கு வந்தவன் எந்தக் கோலத்தில் வந்து சேர்ந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. வாங்கி வந்த மிக்சர் பொட்டலத்தோடு உங்கள் லயத்து வாசலில் விழுந்து கிடந்தேன் என்று பிறகு சொன்னார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன பெண்ணை அழைக்க வருகிறவன் இப்படியா வருவான் என்று ஊரே சிரித்திருக்கும். மறுநாள் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, சித்திரைக்குள் மனுசனாக வந்தால் பார்க்கலாம் என்று நீ சொல்லி அனுப்பியதாக மச்சான் சொன்னார். அன்றையிலிருந்து அந்தச் சொல்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் பள்ளிக்கூடத்துத் தம்பிராசா மாஸ்டர் ஒவ்வொரு ஜனவரியிலும், தன்னிடம் எதையெல்லாம் திருத்த வேண்டும் என்று ஒரு டயரியில் எழுதி வைப்பாராம். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்திலிருந்தே இந்தப் பழக்கமாம். போன வருசம் சுருட்டை விடுவதென்று எழுதினாராம், பொங்கலுக்குள் மறுபடி பற்றவைத்துவிட்டாராம். பிறகு எதற்கு ஐயா எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். எழுதி வைச்சால் மனிசனுக்குக் கொஞ்சமாவது வெக்கம் வரும், நீரும் எழுதிப் பாரும் என்று சொல்லி ஒரு கொப்பியையும் தந்தார். எனக்கு வெட்கம் ஏற்கனவே நிறைய இருக்கிறது. இருந்தாலும் எழுதினேன்.

வேலையைப் பற்றி எழுதியது இது. போன வருசம் நான் வேலைக்குப் போகாத நாட்களில் முக்கால்வாசி திங்கட்கிழமை என்பது உனக்குத் தெரியும். இந்த வருசம் ஒரு திங்களும் தவறுவதில்லை. கவ்வாத்துக் கத்தியை முதல்நாளே தீட்டி வைப்பது, கங்காணியோடு வாய்க்கு வாய் பேசாமல் இருப்பது. காசைப் பற்றி எழுதியது, சம்பளம் கைக்கு வந்த அன்றே ஐந்து ரூபாயைத் தபால் கந்தோரில் பாப்பா பெயரில் போடுவது. அதற்குப் பாப்பாவின் பெயர் வேண்டும். என்ன பெயர் வைத்தீர்கள் என்று இதுவரை யாரும் எனக்கு எழுதவில்லை. தபால் கந்தோரில் பெற்றவனுக்கே பெயர் தெரியாதா என்று பார்த்தார்கள்.

உடம்பைப் பற்றி எழுத ஒரே விஷயம்தான், கள்ளுத் தவறணைப் பக்கம் போவதில்லை. வயிற்று எரிச்சலை டிஸ்பென்சர் ஐயாவிடம் காட்டினேன். அமுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வருசம் இப்படியே குடித்தால் மனைவியை அழைத்துவரப் போகிற செலவு மிச்சம் என்றார். இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். திருந்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு முதல் கடிதத்திலேயே மறைக்கக் கூடாது.

இன்னொன்று. மார்கழியில் புதுக் கணக்கப்பிள்ளை வந்திருக்கிறார். ஆடியிலிருந்து நீ வேலைக்கு வராததால் உன் பெயரை செக்ரோல் பதிவிலிருந்து வெட்டப்போவதாகவும், நம் காம்பராவில் பாதியை வேறு குடும்பத்துக்குக் கொடுக்கப்போவதாகவும் பேச்சு அடிபட்டது. அதற்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். நீ கவலைப்பட வேண்டாம். பிள்ளையைப் பனியில் வெளியே கொண்டுபோகாதே.

உன்
அழகுமுத்து


உடப்புசல்லாவை,
13-2-1955

மீனம்மாவுக்கு,

மச்சான் எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மொத்தம் நான்கு வரி. நான் அதை நாற்பது தரம் வாசித்திருப்பேன். பிள்ளைக்கு லெட்சுமி என்று பெயர் வைத்திருப்பதாக முதல் வரி. அது செத்துப்போன என் தாயின் பெயர். யார் தெரிந்தெடுத்தது, நீயா, இல்லை நாள் நட்சத்திரம் பார்த்து அமைந்ததா என்று மச்சான் எழுதவில்லை. நீதான் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியைப் படித்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

அங்கே காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது மீனம்மா என்றால் இருக்கேங்க என்று சொல்கிற பெண் யார் என்று மச்சான் கேட்டிருக்கிறார். ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் வந்த நம் தோட்டத்துப் பேச்சியம்மா சொல்லியிருப்பாள். அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் நீ நினைப்பது போலவும் இல்லை. முதலில் இருந்து சொல்கிறேன், மச்சான் நிறுத்தி நிறுத்தி வாசிக்கட்டும்.

நம் வீரய்யா கங்காணியின் தங்கை அம்மாக்கண்ணுவை உனக்குத் தெரியும். புருசன் செத்த பிறகு இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் காம்பராவில் வந்து கிடக்கிறாள். இந்தத் தோட்டத்தில் அவளுக்குப் பெயர் பதியவில்லை, அதனால் வேலை இல்லை. உனக்குப் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. புதுக் கணக்கப்பிள்ளைக்கு எந்த முகமும் தெரியாது. நான்தான் கங்காணியிடம் போய், அவள் உன் பெயரில் கொழுந்து எடுக்கட்டும், சம்பளமும் அரிசியும் அவளே வாங்கிக்கொள்ளட்டும், பெயர் மட்டும் விழாமல் இருந்தால் போதும் என்றேன். கங்காணி இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஒன்றும் பார்க்காதவர்போல் இருந்துவிட்டார். முதல் நாள் கணக்கப்பிள்ளை உன் பெயரைக் கூப்பிட்டபோது அவள் பேசாமல் நின்றாள். நான் ஆண்கள் பக்கத்திலிருந்து இருமினேன். அப்புறம்தான் சொன்னாள்.

உன் பெயரைத்தான் அவள் எடுத்தாள், உன் இடத்தை இல்லை. நம் காம்பரா வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். வேண்டுமானால் மாரியம்மன் கோவிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்கிறேன். உனக்கு முதலிலேயே எழுதாதது என் பிசகு. நீ வந்து இறங்கும் நாளில், பார், உன் பெயர் ஒரு நாள்கூட விழவில்லை என்று காட்டிப் பெருமைப்படலாம் என்று இருந்தேன். திருந்துகிற ஆள் செய்கிற காரியமா இது என்று நீ கேட்பாய். கொப்பியில் பொய் சொல்லக் கூடாது என்று எழுத மறந்துவிட்டேன்.

எழுதிய மற்றவை எப்படிப் போகின்றன என்றும் சொல்லிவிடுகிறேன். ஆறு திங்கட்கிழமையும் வேலைக்குப் போனேன். தபால் கந்தோரில் ஐந்து ரூபாய் போட்டேன், இனி லெட்சுமி பெயரில் மாற்றிவிடுவேன். பொங்கலன்று மட்டும் ஒரு கிளாஸ் குடித்தேன். ஒன்றுதான். கூட இருந்தவர்கள் அடுத்ததை ஊற்றும்போது எழுந்து வந்துவிட்டேன், அதுவே எனக்குப் புதுசு. தம்பிராசா மாஸ்டரிடம் சொன்னபோது, அவரும் அன்றைக்குச் சுருட்டுப் பிடித்தாராம்.

மீனம்மா, நீ என்ன நினைக்கிறாய் என்று மச்சானை எழுதச் சொல். திட்டியாவது எழுதச் சொல். ஒன்றுமே வராமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை. தபால்காரர் கங்காணி வாசலில் நிற்கும்போதே நான் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன்.

அழகுமுத்து


உடப்புசல்லாவை,
27-3-1955

என் மீனம்மாவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்தோ மச்சானிடமிருந்தோ ஒரு வரி இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று ஒரு நாள் நினைக்கிறேன். கடிதம் வழியில் தொலைந்ததோ என்று மறுநாள் நினைக்கிறேன். சரியான காரணம் எது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இங்கே நடந்ததை வேறு யாரும் வந்து சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாக்கண்ணு கெட்டிக்காரி. இவ்வளவு நாள் வேலையில்லாமல் இருந்தவள் அல்லவா, பேய்போல் கொழுந்து எடுத்தாள். மாசியில் கணக்கப்பிள்ளை பெரட்டில் எல்லோர் முன்னாலும், பிள்ளை பெற்று வந்த மீனம்மாவைப் பாருங்கள், போன வருசத்தைவிட எவ்வளவு முன்னேற்றம் என்றார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதோடு போகவில்லை. சித்திரை வருசப் பிறப்புக்கு, அதிகம் கொழுந்து எடுத்த மூன்று பேருக்கு துரை கையால் கம்பளி தருவதாக அறிவித்தார்கள். மூன்றாவது பெயர் மீனம்மா.

அன்று வேலை முடிந்ததும் அம்மாக்கண்ணு அண்ணன் வீரய்யாவோடு வந்து வாசலுக்கு வெளியே நின்று அழுதாள். அண்ணே, பெரட்டில் பொய் சொன்னேன், வயித்துக்காகச் சொன்னேன், துரைக்கு முன்னால நின்னு மீனம்மான்னு ரேகை வைக்க என்னால முடியாதுண்ணே, பொலிசுல புடிச்சுக் குடுத்தா எம்புள்ளைகள யாரு பாப்பா என்றாள். மறுநாள் காலையில் நானே ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கங்காணிக்குத் தெரியாது என்று மட்டும் ஒரு பொய் சொன்னேன். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

கணக்கப்பிள்ளை அடிக்கவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பத்து நாள் வேலை இல்லை என்றார்கள். அதில் இரண்டு திங்கட்கிழமை போய்விட்டது. உன் பெயரை வெட்டிவிட்டார்கள். துரை அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டு, இவ்வளவு எடுக்கிறவளுக்கு ஏன் பெயர் இல்லை என்று கேட்டாராம். அவளை அவள் பெயரிலேயே பதிந்துகொண்டார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பெயர் பதிந்தவளுக்குக் குடியிருக்க இடம் கொடுக்க வேண்டுமாம். எங்கே இடம் காலி என்று பார்த்தார்கள். உன் பெயர் விழுந்ததால் நம் காம்பராவில் பாதி காலி. அவளும் பிள்ளைகளும் அந்தப் பாதிக்கு வரட்டும், நடுவில் சாக்குப் படுதா கட்டிக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மீனம்மா, யாருக்கும் அந்தப் பாதி போகக் கூடாது என்றுதான் நான் இவ்வளவும் செய்தேன். கடைசியில் பேச்சியம்மா சொன்னதை ஆபீசே எழுதிக் கொடுத்துவிட்டது. அம்மாக்கண்ணு வர மாட்டேன் என்றுதான் சொன்னாள். அவள் அண்ணன் காம்பராவில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அதனால் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். இப்போது பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொள்கிறேன், மாஸ்டர் சரி என்றார். உன் தகரப்பெட்டியும் தொட்டில் சேலையும் என்னோடு இருக்கின்றன. அன்று சாயந்தரம் ஒரு கிளாஸ் குடித்தேன். மூன்று மாதத்தில் இது இரண்டாவது. மாஸ்டர் இதை முன்னேற்றம் என்கிறார். உனக்கு எப்படித் தோன்றுமோ.

வருசப் பிறப்பு முடிந்து வேலை தொடங்கும் நாளில் நீ பிள்ளையோடு பெரட்டுக்கு நேரில் வந்து நின்றால், பெயரை மறுபடி எழுதிக்கொள்வதாக ஆபீசில் சொன்னார்கள். காம்பராவும் நமக்கு. அம்மாக்கண்ணுவுக்கு வேறு லயத்தில் பார்ப்பார்களாம். இதை எழுதலாமா என்று மிகவும் யோசித்தேன். காம்பராவுக்காக நீ வர வேண்டாம். அப்படி வந்தால் ஒவ்வொரு சண்டையிலும் அதைச் சொல்லிக் காட்டுவாய்.

காம்பராவுக்காகத்தான் உன் பெயரைக் காப்பாற்றினேன் என்பதுபோல் முன்பு எழுதினேன். அது பாதிதான். நீ போன பிறகு ஒவ்வொரு நாளும் பெரட்டில் உன் பெயரைக் கூப்பிடுவார்கள். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை என்னால் நின்று கேட்க முடியவில்லை. திங்கட்கிழமைகளில் நான் போகாதது ஞாயிற்றுக்கிழமைக் குடியால், நீ போன பிறகு செவ்வாயும் போகாமல் இருந்தது இதனால்தான். யார் குரலானாலும் சரி, மீனம்மா இருக்கிறாள் என்று ஒரு குரல் சொல்லட்டும் என்று ஆசைப்பட்டேன். இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிகிறது. இப்போது பேச்சியம்மாவுக்கு அடுத்து வேறு யாரோ பெயர் வருகிறது. உன்னைக் கூப்பிடுவதே இல்லை.

பங்குனி கடைசி நாள் காலை ரயிலில் பட்டிப்பொலவில் இறங்குவேன். குடிக்காமல் வருவேன், இதை நம்பச் சொல்லவில்லை, பக்கத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம். லெட்சுமி என்னைக் கண்டு அழுதால் தூக்க மாட்டேன், தள்ளி உட்கார்ந்திருப்பேன். நீ வர மறுத்தாலும் வருசப் பிறப்பன்று அவள் கையில் ஒரு ரூபாய் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிவிடுவேன்.

முத்துலிங்கம் மச்சான், இது உங்களுக்கு. முதல் கடிதத்தில் உங்களைக் கேலி செய்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இதை வாசித்து முடித்ததும், வருகிறாயா என்று அவளைக் கேளுங்கள். மாட்டேன் என்றுதான் சொல்வாள். என்னைப் பெண் பார்க்கக் கூட்டி வந்த அன்றும் முதலில் அப்படித்தான் சொன்னாள், நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். உடனே கடிதத்தை மடித்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் இருந்து, இன்னொரு தரம் கேளுங்கள் மச்சான்.

உங்கள்
அழகுமுத்து