சூடம் அணைக்காத கை

கொடைக்கானல்,
24-7-1967

அன்புத் தம்பி ஞானவேலுக்கு,

அக்கா விசாலாட்சி எழுதுவது. நானும் உன் மச்சானும் சௌக்கியம். மழைக்குத்தான் சௌக்கியமில்லை, பத்து நாளாகச் சிணுங்கிக்கொண்டே இருக்கிறது. பாப்பம்மாளுக்கு மசக்கை நின்றதா? வாய்க்குப் பிடித்ததைக் கேட்டு வாங்கிக் கொடு. கோட்டை உத்தியோகம், கோட்டை உத்தியோகம் என்று ஓடுகிற ஓட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போட்டுவிடாதே.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்துவிட்டுச் சந்தோஷப்படுவதா, உன் காதைப் பிடித்துத் திருகுவதா என்று தெரியவில்லை. மச்சான் மேல் வந்த மொட்டைப் பெட்டிஷன் ஃபைலாகி, கோட்டையில் உன் செக்‌ஷனுக்கே வரப்போகிறது. “நான் ஆரம்பம் முதலே உங்கள் அனுதாபி” என்று புதுக் கட்சிக்காரர்களுக்கு அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பழனிக்கே மாற்றல் வாங்கித் தருவாய். எழுதாவிட்டால் சஸ்பென்ஷன். இதைத்தானே நாலு பக்கத்துக்குச் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறாய்?

ஒரு வரி எழுதுவதில் மச்சானுக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டிருக்கிறாய். நீ சென்னையிலேயே இருந்துவிட்டாய், இங்கே நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுசாகச் சொல்கிறேன், கேள்.

தேர்தலுக்கு முந்தின மார்கழியில் நாங்கள் பழனியில் இருந்தோம். அவர் அங்கே டெப்டி தாசில்தார். அப்போது ஆட்சியில் இருந்த கட்சிக்கு ஊரில் பெரிய தலை நாச்சிமுத்து. தாலுகா ஆபீஸ்காரர்கள் உள்ளுக்குள் எதிர்க்கட்சிக்கு வேலை செய்கிறார்கள் என்று அவருக்கு ஒரு சந்தேகம். நம் பக்கத்தில் சந்தேகம் வந்தால் என்ன செய்வார்கள்? சூடத்தை ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். வரப்புத் தகராறுக்கும் காணாமல்போன ஆட்டுக்கும் செய்கிறதை அந்த மனுஷர் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்குச் செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஆபீசில் இருந்த அத்தனை பேரையும் மலையடிவாரத்துக்கு வரவழைத்து, பிள்ளையார் சந்நிதிக்கு முன்னால் சூடத்தை ஏற்றி வைத்து, “நான் உங்க ஆளு, நீங்க சொன்னபடி கேப்பேன்” என்று சொல்லிக் கையால் அணைக்கச் சொன்னார்.

எல்லாரும் அணைத்தார்கள். குற்றம் சொல்ல முடியாது. ஹெட் கிளார்க் திருமலைச்சாமி வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் வரிசையாக இருக்கிறார்கள், பாவம், அழுதுகொண்டே அணைத்தாராம். உன் மச்சான் முறை வந்ததும், பிள்ளையாரைக் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். “சாமிக்கு எதுக்குங்க நம்ம கட்சிச் சோலி? நான் ஒழுங்கா இருக்கேனான்னு ஆபீசுக்கு வந்து ஃபைலைப் பாருங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்தவர் என்ன கேட்டார் தெரியுமா? ரசம் சூடாக இருக்கிறதா என்று கேட்டார்! விஷயம் தெரிந்த பிறகு நான்தான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

“தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்” என்று நாச்சிமுத்து கத்தினாராம். மாற்றினார், தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாத இந்த ஊருக்கு!

மாசியில் தேர்தல் நடந்து, ஆட்சியும் மாறியது. புதுக் கட்சிக்கு இந்தப் பக்கம் இப்போது வேலுச்சாமி வைத்ததுதான் சட்டம். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறவர். அவர் ஒருநாள் மாலையோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். “அவங்க ஏத்துன சூடத்தை அணைக்க மாட்டேன்னு நின்ன ஆம்பளை நீங்கதானுங்க. நீங்க நம்ம ஆளு. அன்னைக்கு யாரு யாரு அணைச்சாங்கன்னு பேரை மட்டும் சொல்லுங்க, அவங்களை நாங்க பாத்துக்கிறோம். அப்படியே நீங்களும் எங்க அனுதாபின்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருங்க” என்றார். அடுப்படியில் நின்று கேட்ட எனக்கு உயிர் வந்தது. இவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும் என்று காப்பியில் ஒரு கரண்டி கூடவே போட்டேன்.

உன் மச்சான், “யாரு அணைச்சாங்கன்னு நான் பாக்கலைங்க, சாமியைப் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார். எனக்குத் தெரிந்து அந்த வாயிலிருந்து வந்த முதல் பொய் அதுதான். அதோடு விட்டாரா? “அவங்க ஆளா இருக்க மாட்டேன்னு சொன்னது உங்க ஆளா இருக்கிறதுக்காக இல்லீங்க. சனங்க உங்களை ஒக்கார வச்சிருக்காங்க. சட்டப்படி நீங்க எது சொன்னாலும் வெரசாச் செய்வேன். அதுக்குச் சூடமும் வேணாம், இந்த வரியும் வேணாம்” என்றார். வேலுச்சாமி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இவர் மாலையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் பின்னாலேயே போய், “கொண்டுக்கிட்டுப் போங்க, வேற யாருக்காச்சும் ஆகும்” என்று கையில் கொடுத்தார். கிண்டலுக்கு இல்லை, பூ வீணாகப் போகிறதே என்று நிஜமாகவே சொன்னார். இந்த மனுஷரோடு அதுதான் தொல்லை.

அடுத்த மாதமே மொட்டைப் பெட்டிஷன் போய்விட்டது. இவர் பழைய கட்சியின் ஆளாம், அதனால்தான் சூடம் அணைத்தவர்களைக் காட்டிக் கொடுக்கவில்லையாம். எங்கே போய் முட்டிக்கொள்வது, சொல்!

விசாரணைக்கு வந்தவர் பூம்பாறை வரை போய்க் கேட்டிருக்கிறார். அங்கே பூண்டு போடுகிற மலைச்சாமியிடம், இவர் எந்தக் கட்சிக்கு வேலை செய்கிறார் என்றாராம். அவன், “அது எப்படிங்க தெரியும்? எங்கண்ணன் பழைய கட்சி, நான் புதுக் கட்சி. ரெண்டு பேரு காட்டையும் ஒரே நாள்ல அளந்தாரு, ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்கவச்சு வஞ்சாரு” என்றானாம். ஆபீஸ் டபேதார் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இனி உன் பயத்துக்கு வருகிறேன். நீ இவ்வளவு பாடுபடுவது என் இழுப்புக்காக என்று எனக்குத் தெரியாதா? இந்தக் குளிரில் மூச்சு வாங்கத்தான் செய்கிறது. பனிக்காலம் வருவதற்குள் மலையை விட்டு இறங்கிவிடு என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வெள்ளனே குளித்துவிட்டு அவர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். காப்பி கொண்டுபோனேன். வெள்ளைத் தாளில் “நான் ஆரம்பம் முதலே” என்று எழுதி, அதற்கு மேல் பேனா ஓடாமல் உட்கார்ந்திருக்கிறார்! நாச்சிமுத்துவுக்கும் வேலுச்சாமிக்கும் பயப்படாத மனுஷர், தம்பி. என்னை நிமிர்ந்து பார்த்து, “நீ மூச்சுக்குத் தவிக்கிறதைக் கேட்டுக்கிட்டு என்னால கெடக்க முடியலை விசாலம். ஒரு வரிதானே, எழுதிட்டா கீழே போயிரலாம்” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! தாளைப் பிடுங்கிக் கணப்பில் போட்டேன். “என் மூச்சை நான் பாத்துக்கிறேன், நீங்க உங்க சோலியப் பாருங்க. நாளைக்கு இன்னொரு கட்சி வந்து என் மூச்சைக் காட்டி இன்னொரு வரி கேட்டா அதையும் எழுதுவீகளா?” என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருஷமாக இவரைக் கட்டிக்கொண்டு என்ன சுகத்தைக் கண்டேன் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். நேற்று என் மனசில் இருந்த பெருமையை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஏலே ஞானம், அக்கா உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்த ஃபைல் உன் மேசைக்கு வந்தால், “இவர் என் சொந்தம்” என்று சொல்லி வேறொருவரிடம் கொடுத்துவிடு. கொடுக்க முடியாமல் போனால், எவனோ ஒரு டெப்டி தாசில்தார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைப் படித்து, நியாயம் என்று பட்டதை எழுது. யாரிடமும் போய் எங்களுக்காக நிற்காதே. நீயும் சர்க்கார் உத்தியோகஸ்தன்தான்.

நீயும் பாப்பம்மாளும், பிறக்கப்போகிற பிள்ளையும் தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும். நீ எழுதுவது அவருக்குப் பாதகமாகவே இருந்தாலும் சரி, தீபாவளிக்கு நாங்கள் எந்த ஊரில், எந்தக் கூரைக்குக் கீழே இருந்தாலும், உன் மச்சானுக்குப் பக்கத்தில்தான் உனக்கு இலை போடுவேன். தயங்காமல் வா.

என்றும் உன் அக்கா,
விசாலாட்சி