தரையில் விட்ட பிள்ளை

மஸ்கட்
18.8.96

அன்பு கண்ணகிக்கு,

நான் சுகம். இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. தியாகதுருகத்திலிருந்து அண்ணன் கடிதம் போட்டிருந்தார். வெள்ளிமலைக்கு வந்தவர் உங்களைப் பார்க்க வந்தாராமே. நீ பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்க, தேன்மொழி பக்கத்து வீட்டு வாசலில் மண்ணில் உட்கார்ந்து, கூழாங்கல்லை வாயில் வைத்திருந்தாளாம். படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றரை வயது தாண்டியும் பிள்ளை நடக்கவில்லை. அந்த மலையில் அட்டைக்கும் முள்ளுக்கும் நடுவில் அவளை ஏன் வைத்திருக்கிறாய்? அண்ணி தானே வளர்ப்பதாகச் சொல்கிறார். மொசைக் தரை, ஃபேன், டிவி எல்லாம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் விடு. சனி, ஞாயிறு நீ போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நாலு மாதக் குழந்தையாக விட்டுவந்தேன். இன்னும் அவளைத் தூக்கிக்கொண்டிருப்பது போலவே கை கனக்கிறது.

உன் தனசேகரன்

வெள்ளிமலை
5.9.96

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் கோபமும் சுகமாக வந்து சேர்ந்தது. உங்கள் அண்ணனுக்குக் கூழாங்கல் மட்டும்தான் கண்ணில் பட்டதா? பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்த அந்த வீட்டுக் கொளஞ்சியம்மாள் தெரியவில்லையா? கல்லை வாயிலிருந்து பிடுங்கிப் போட்டதும் அவள்தான்.

கோடை விடுமுறை முழுக்க உங்கள் அண்ணன் வீட்டில்தானே இருந்தோம். அந்த மொசைக்கில் ஒருமுறை வழுக்கி உதடு கிழிந்தது. அன்றைக்குப் பிறகு அவளைக் கீழே விட்டவர் யார்? ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாறினாள், அவ்வளவுதான். எல்லாம் பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கள்ளக்குறிச்சி டாக்டர், "கால்ல ஒண்ணும் கோளாறு இல்லம்மா, தரையில வுடுங்க" என்றார். கொளஞ்சியம்மாளோ டாக்டரைப் பார்க்காமலே, "இன்னா டீச்சரு, இடுப்புலயே வச்சிகினு இருந்தா புள்ளைக்கு நடை எப்பிடி வரும்?" என்று கேட்டுவிட்டாள்.

பெற்ற பிள்ளையை வாரம் ஒருமுறை விருந்தாளி மாதிரி போய்ப் பார்க்க என்னால் முடியாது. நீங்கள் தை மாதம் லீவில் வருவதற்குள் அவள் நடக்காவிட்டால் நானே கொண்டுபோய் அண்ணியிடம் விடுகிறேன். அதுவரை வாய் திறக்காதீர்கள்.

உங்கள் கண்ணகி

மஸ்கட்
29.9.96

அன்பு கண்ணகிக்கு,

வாயை மூடிக்கொண்டேன். தை வரைதான். பிறகு வார்த்தை மாறக்கூடாது.

ஊருக்கு வரும் அரங்கநாதனிடம் பாப்பாவுக்குச் சிவப்பு ஷூ கொடுத்தனுப்பியிருக்கிறேன். அது இல்லாமல் வெளியே விடாதே. நீ பிடிவாதக்காரி என்று எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை நடக்காமலே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது கண்ணகி. ரூமில் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

உன் தனசேகரன்

வெள்ளிமலை
15.12.96

அன்புள்ள என்னவருக்கு,

நடந்துவிட்டாள்! உங்கள் மகள் நடந்துவிட்டாள்!

கொளஞ்சியம்மாள் வீட்டில் சாமை அறுத்துக் களத்தில் போட்டிருந்தார்கள். மாடுகளைப் பிணைத்து மிதிக்க விட்டார்கள். மாட்டை அவிழ்த்த பிறகு, வைக்கோலை அள்ளுவதற்கு முன்னால், வீட்டுப் பொடிசுகளை அதில் இறக்கிவிடுவது அவர்கள் வழக்கமாம். "மாடு வுட்ட மணிய புள்ளைங்க உதுக்கும்" என்றாள். அவள் மகன் மாயவன் குதித்ததைப் பார்த்து இவளும் என் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள்.

மெத்து மெத்தென்ற வைக்கோல். விழுந்தாள், வலிக்கவில்லை. சுற்றிலும் பார்த்தாள், யாரும் ஓடிவந்து தூக்கவில்லை. என் கை பரபரத்தது. கொளஞ்சியம்மாள் என் முந்தானையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். எழுந்தாள், விழுந்தாள், மறுபடி எழுந்தாள். பிறகு மாயவனைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு, களத்தின் நடுவிலிருந்து ஓரம் வரை போனாள். நான் அழுதேன். களத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

உங்கள் சிவப்பு ஷூவில் ஒன்றை அன்றே கழற்றி எறிந்துவிட்டாள். அதை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று நகர்ந்துவிட்டது.

இப்போது விடிந்தால் வாசல்தான். மேடு, பள்ளம், பலா மரத்து வேர் எல்லாம் ஏறி இறங்குகிறாள். முழங்காலில் சிராய்ப்பு. வந்து பாருங்கள், பெருமையாக இருக்கும்.

உங்கள் கண்ணகி

மஸ்கட்
20.2.97

அன்பு கண்ணகிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அங்கே உன்னிடம் சொல்லாததை எழுதுகிறேன்.

வெள்ளிமலையில் பஸ்சை விட்டு இறங்கி வீட்டு வாசலுக்கு வந்ததும் பாப்பாவை வாரித் தூக்கினேனே, இருபது மாத ஆசை அது. லீவு முழுக்கக் கீழே இறக்கக்கூடாது என்று விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன். அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். காலை உதைத்து, "எறக்கி வுடு" என்றாள். இறக்கிவிட்டேன். பலா மரம் வரை ஓடிப்போய்த் திரும்பி நின்று, "வா" என்று கூப்பிட்டாளே, நீயும்தான் பார்த்தாய். அந்த மேட்டில் பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

திரும்பும் வழியில் தியாகதுருகத்து வீட்டில் அண்ணன், "புள்ளைய எப்படா இங்க வுடப்போற?" என்று கேட்டார். "அது ஓடுற ஓட்டத்துக்கு உன் வூடு பத்தாதுண்ணே" என்றேன். இப்படி நெஞ்சை நிமிர்த்தி அவரிடம் நான் பேசியதே இல்லை. இனி அந்தப் பேச்சு வராது. பாப்பா உன்னிடமே இருக்கட்டும். கொளஞ்சியம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இங்கே தினமும் சாயந்தரம் வேலை முடிந்ததும் கேம்ப்பைச் சுற்றி ஓடுகிறேன். ரூம்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அடுத்த லீவுக்குள் அவளைப் பிடிக்கிற அளவுக்காவது தேற வேண்டும்.

உன் தனசேகரன்