சலித்து அனுப்பிய மண்

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கன நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். புனேயில் மழை விடவில்லை என்று டிவியில் சொன்னார்கள், நீ நனையாமல் வேலைக்குப் போய்வர சுருளி வேலப்பர் துணையிருக்கட்டும். எனக்குத்தான் நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. விஷயத்தைச் சொல்லலாம் என்று போனை எடுப்பேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

வாய்க்காலோரத்து மனையில் வீடு கட்டுமுன் உங்கள் லேபில் சோதிக்க மண் கேட்டாய் அல்லவா, நாலடி ஆழத்தில் எடுத்து அப்படியே கட்டி அனுப்பு என்றாய். நான் அப்படியே அனுப்பவில்லை தாயி. புளியென்றால் கொட்டை எடுத்து, மிளகாயென்றால் காம்பு கிள்ளித்தானே உனக்கு அனுப்பிப் பழக்கம். மண்ணையும் காயவைத்துச் சலித்தேன். நுணுங்காத கட்டிகள் அரைச் சாக்கு இருக்கும், வாய்க்கால் பக்கம் கொட்டிவிட்டேன். மணல் கலந்த நல்ல மண், சாதாரண அஸ்திவாரம் போதும் என்று நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினாய், அப்பா அதை லேமினேஷன் பண்ணி ஊரெல்லாம் காட்டினார்.

போன வாரம் மழை பெய்த மறுநாள் அஸ்திவாரக் குழிக்குள் இறங்கினேன், கால் புதைந்து செருப்பு வரவில்லை. பொங்கலுக்கு வந்தபோது ஈர மண்ணை உள்ளங்கையில் திரித்துக் காட்டினாயே, உடையாமல் நூலாக நீண்டால் களிமண், ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சுவர் வெடிக்கும் என்று. திரித்துப் பார்த்தேன். தீக்குச்சியைவிட மெலிசாகப் போனது, மோதிரமாக வளைத்தேன், அப்பவும் உடையவில்லை. நான் கொட்டிய கட்டியெல்லாம் இந்தக் களிதான் என்று அப்பத்தான் உறைத்தது. வியாழக்கிழமை முகூர்த்தம், கான்கிரீட் போட கர்ணன் கொத்தனார் ஜல்லியும் இறக்கிவிட்டார். லோயர் கேம்ப்பில் பெரியாறு அணைத் தண்ணீரும் திறந்தாச்சு, இன்றோ நாளையோ நம் வாய்க்காலுக்கும் வந்துவிடும், வந்தால் குழிக் களியெல்லாம் ஊறி உப்பும். வேலையை நிறுத்துங்கள் என்றேன். கொத்தனார் முழித்தார். அப்பாவோ, ஏம்புள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்தத விட ஒனக்குத் தெரிஞ்சிருச்சோ என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

இன்று காலை அடக்கமாட்டாமல் அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். கடப்பாறையை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கி அவரே மண் எடுத்தார். கல்லும் வேருமாக இருக்கிறதே என்று கை நீட்டினேன், தொடாத, கெடக்கட்டும் என்று தட்டிவிட்டார். முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி கொத்தனாருக்கும் போன் பண்ணிவிட்டார். அந்த மண்தான் இந்தப் பார்சலில் இருக்கிறது. உன் பதில் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும் ஆத்தா. வேளைக்குச் சாப்பிடு. பழைய ரிப்போர்ட்டில் உன் பேர் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் பதறுகிறது. ஆபீஸில் கேட்டால் அம்மா என்று பார்த்து மறைக்காதே. மண் எடுத்தது யார் என்ற இடத்தில் எழுதிக்கொடுக்க என் பேரை முழுசாகக் கீழே போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
த. உமாதேவி,
க/பெ. தங்கப்பாண்டியன்,
கம்பம்.