வேகவைத்த கம்பிகள்

உன் மகள் ஆட்டோ ஏறிப் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். உன் பேஸ் கிதாரிலிருந்து கழற்றிய நான்கு கம்பிகளும் என் மேசைமேல் சுருண்டு கிடக்கின்றன. அவற்றில் கனத்ததை எடுத்து விரலால் ஒருமுறை நீவிப் பார்த்தேன். சொரசொரப்பே இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. சென்னைக் கடையில் நீ கண்ணை மூடிக்கொண்டு இதே போல நீவிப் பார்த்தபோது பக்கத்தில் நின்று சிரித்தவன் நான். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு எழுத வேண்டும் போல இருந்தது, எழுதுகிறேன்.

நம் இன்னிசைக் குழுவை நான்தான் நடத்தினேன் என்று கள்ளக்குறிச்சியில் இன்னமும் சொல்வார்கள். கீபோர்டும் என்னுடையது, வாயும் என்னுடையது. வேன் பேசுவது, மண்டபத்துக்காரரோடு மல்லுக்கு நிற்பது, யார் எந்தப் பாட்டைப் பாடுவது என்று முடிவு செய்வது எல்லாம் நான். நீ கச்சிராயபாளையத்தில் பகலெல்லாம் பேண்ட் தைத்துவிட்டு டவுன் பஸ் பிடித்து வருவாய். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பேஸ் வாசிப்பாய். ஒருநாளும் உன்னைப் பார்த்து யாரும் கை தட்டியதில்லை. நீ வராத நாளில் மட்டும் ‘இன்னாபா, பாட்டுல இன்னாவோ கம்மியா இருக்குது’ என்பார்கள்.

நமக்கொரு வழக்கம் இருந்தது, நினைவிருக்கிறதா? கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் நிகழ்ச்சி முடித்து இறங்கினால், அங்கத்திய ஈரத்தில் பேஸ் கம்பிகள் மங்கிப்போய்விடும். புதுசு வாங்கச் சென்னைக்குப் போக வேண்டும். அதனால் கம்பிகளைக் கழற்றி, வளையமாகக் கட்டி, என் வீட்டுப் பழைய இட்லிச் சட்டியில் சோடா உப்பு போட்டு வேகவைப்போம். அழுக்கெல்லாம் கக்கிவிடும். துணியால் துடைத்து வெயிலில் காயவைத்து மாட்டினால், இரண்டு மூன்று கச்சேரிக்குக் கணீரென்று இருக்கும். ‘கம்பி வேவுற சட்டியில இனிமே நான் கஞ்சி கூட வெக்க மாட்டேன்’ என்று என் மனைவி அந்தச் சட்டியை உன் பேருக்கே எழுதிவைத்துவிட்டாள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் நீ திடீரென்று, ‘இந்தத் தடவ வேகவெக்க வேணாம்பா, புதுசு வாங்கலாம்’ என்றாய். சென்னைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு வகைக் கம்பிகளை எடுத்துப் போட்டார். நாம் வழக்கமாகப் போடுவது ஒன்று, தட்டைக் கம்பி மற்றொன்று. நீ இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு எனக்கு விளக்கினாய்.

“பாருபா, இது உள்ள இருக்கற கம்பி மேல நூலு சுத்துன மாதிரி. மேடு பள்ளமா இருக்கும், வெரல அறுக்கும். இது நாடா சுத்துன மாதிரி. தட்டையா, வழவழன்னு கீது பாரு.”

தையல்காரன் விளக்கம். எனக்கு உடனே புரிந்தது. ஆனால் கடைக்காரர் அதை மாட்டிக்காட்டியதும் என் முகம் சுருங்கிவிட்டது.

“இன்னாபா இது, மெத்தைய போட்டு அடிக்கற மாதிரி இருக்குது!”

“பாட்டு படுக்க மெத்த வேணாமா?” என்றாய்.

கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஊரில் புதுப்புதுக் குழுக்கள் முளைத்துக்கொண்டிருந்தன. எல்லாரும் பளபளவென்று வாசித்தார்கள். நாம் மட்டும் மெத்தை விரித்தால் யார் கூப்பிடுவார்கள் என்பது என் கவலை. நீ பிடித்த பிடியை விடவில்லை. தட்டைக் கம்பியோடுதான் பஸ் ஏறினாய். வழியெல்லாம் உன்னை வைது தீர்த்தேன். விழுப்புரம் தாண்டியதும் அந்த வார்த்தையையும் சொன்னேன்.

“கீபோர்டுல எடது கையாலயே பேஸ் வாசிச்சிக்கலாம் தெரியுமில்ல? நெறைய பேரு அப்படித்தான் பண்ணிக்கினு கீறாங்க.”

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் விளையாட்டாகச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. உன்னை நிறுத்திவிடலாமா என்று நான் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்து ஒரு கல்யாண வரவேற்பு, உங்கள் ஊர் மண்டபத்தில். காலையில் தேவாலயத்தில் திருமணம், மதியம் சாப்பாட்டோடு நம் கச்சேரி. வாத்தியங்களெல்லாம் என் வீட்டில்தான் இருந்தன. முந்தின நாள் உன் பேஸை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். மங்கலாகத்தான் கேட்டது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் கம்பிகளைக் கழற்றிச் சட்டியில் போட்டேன். மங்கினால் வேகவைப்பது, அவ்வளவுதானே நமக்குத் தெரியும். முனையில் சுற்றியிருந்த சிவப்புப் பட்டு நூல் சாயம் விட்டது, தண்ணீர் முழுக்கச் சிவந்துபோனது. துடைத்து மாட்டினேன். மங்கல் அப்படியே இருந்தது, கனத்த கம்பியில் சுற்று நெகிழ்ந்து கரகரப்பு வேறு சேர்ந்துகொண்டது. சரி, இதோடு ஒழிந்தது சனியன் என்று, நான் ரகசியமாக வாங்கி வைத்திருந்த வழக்கமான கம்பிகளை மாட்டினேன். எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம், மறைப்பானேன்.

மேடையில் நீ கிதாரைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டாய்.

“என் கம்பி எங்கபா?”

“வேகவெச்சேன். கெட்டுப்பூடுச்சி.”

“வேகவெச்சியா?” உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அத வேகவெக்கக் கூடாதுபா. மங்கலா கேக்கறதுதான் அதோட சத்தமே.”

பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். பேச நேரமில்லை. நீ சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து வலக்கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் சுற்றிக்கொண்டாய். இரண்டு பாட்டு போனது. பிளாஸ்டர் பட்டுச் சத்தம் அமுங்கியது. நான் கீபோர்டுக்கு மேல் எட்டி, “அத கழட்டுபா, காதுல பஞ்சு வெச்ச மாதிரி கேக்குது” என்றேன். நீ என்னை ஒரு நிமிடம் பார்த்தாய். பிறகு கழற்றிவிட்டாய்.

மூன்று மணி நேரம் வாசித்தாய். அன்றைக்கு உன் பேஸ் மாதிரி நம் குழுவில் எதுவும் எடுபடவில்லை. கம்பி கணீரென்று பேசியது. மூட்டை கட்டும்போதுதான் கிதாரின் மேலே இரத்தம் தீற்றியிருப்பதைக் கண்டேன். உன் ஆள்காட்டி விரல் நுனி பிளந்திருந்தது.

“இன்னா ஆச்சி?”

“ஒண்ணுமில்ல. முந்தாநாளு மிஷின்ல ஊசி ஏறிச்சி.”

தையல்காரன் விரலில் ஊசி ஏறுவது அதிசயமா? நம்பிவிட்டேன். “பாத்து தைக்கறதில்ல?” என்று உன்னையே கடிந்தும்கொண்டேன்.

அப்புறம் உன்னைப் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். புண் கறுத்துப்போய், விரலின் முதல் கணுவை எடுத்துவிட்டிருந்தார்கள். உன் மனைவி சாப்பாடு வாங்கப் போயிருந்த நேரத்தில் நீ நிதானமாகச் சொன்னாய். உனக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. கம்பி அறுத்த புண் இரண்டு மாதமாக ஆறாமல் இருந்து, அப்போதுதான் மூடிக்கொண்டு வந்திருந்தது. மறுபடி திறந்தால் விரலுக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் தட்டைக் கம்பி.

“எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாபா?” என்றேன்.

“சொன்னா நீ எடது கையால வாசிச்சிப்ப.”

கோபமில்லாமல்தான் சொன்னாய். ஒரு சட்டையின் அளவைச் சொல்வது மாதிரி சொன்னாய். நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ கட்டுப்போட்ட கையால் என் தோளைத் தட்டினாய். “வூட்ல ஊசி ஏறிச்சின்னுதான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் வாயத் தொறக்காத. அவளுக்குத் தெரிஞ்சா உன்ன வாசப்படி ஏத்த மாட்டா. வேணாம், வுடு.”

நானும் விட்டேன். எவ்வளவு சுலபமாக விட்டேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. ஆறு மாதம் கழித்து நீ மறுபடி வந்தாய், புதுத் தட்டைக் கம்பியோடு. விரல்களை ஒதுக்கிவிட்டுக் கட்டைவிரலால் வாசித்தாய். இந்தத் தடவை நான் கம்பியைத் தொடவில்லை. கேட்கக் கேட்கத்தான் எனக்குப் புரிந்தது. தட்டைக் கம்பியின் சத்தம் ஒவ்வொரு தடவையும் சட்டென்று அடங்கி, பாடுகிறவர் மூச்செடுக்க இடம் விட்டது. நம் குழு அதற்கப்புறம்தான் நன்றாக வாசித்தது. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. போன வருஷம் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று போன் வந்தபோது, முதலில் என் நினைவுக்கு வந்தது இதுதான்.

இன்று காலை உன் மகள் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கலெக்டர் ஆபீஸ் வேலையோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடற்குழுவில் அவள்தான் பேஸ். கையில் ஒரு புதுக் கம்பி உறை.

“பெரியப்பா, அப்பா போட்ட கம்பி சத்தமே வர மாட்டேங்குதுங்க. எல்லாம் புதுப் பாட்டா பாடறோம். இத மாத்திக் குடுக்கறீங்களா? இல்ல, அதே மாதிரி தட்டையாவே வாங்கணுமா? நீங்களே சொல்லுங்க.”

நான் ஒரு காலத்தில் கத்தியதையே அவள் மரியாதையாகக் கேட்டாள். “கையக் காட்டும்மா” என்றேன். காட்டினாள். நல்ல கை, எந்தக் குறையும் இல்லை. சர்க்கரை பார்த்தாயா என்றும் கேட்டேன். போன மாசம்தான் பார்த்தாளாம், ஒன்றுமில்லையாம். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“நான் மிஷின் பக்கமே போறதில்லைங்க பெரியப்பா. அம்மா உட மாட்டாங்க. அப்பா வெரலு போனதும் மொதல் வேலையா அந்த மிஷினத்தான் வித்தாங்க. அப்பா எவ்ளோ கெஞ்சினாரு தெரியுமா? இன்னிக்கும் தெருவுல தையல் மிஷின் சத்தம் கேட்டா அம்மா கதவ சாத்திடுவாங்க.”

மிஷின் விற்றது எனக்குத் தெரியும். நீ கெஞ்சியது தெரியாது. விரல் குறைந்ததால் துணி வெட்டுவதோடு நிறுத்திக்கொண்டாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

சொல்லிவிட்டேன். உன் பேச்சை மீறிவிட்டேன். சட்டியில் போட்டது, கம்பி மாற்றியது, பிளாஸ்டரைக் கழற்றச் சொன்னது, ஒன்று விடாமல். அவள் தலை நிமிரவில்லை. மடியில் கிடந்த கம்பி உறையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் உறையை என்னிடம் நீட்டினாள்.

“புதுசே போடுங்க பெரியப்பா.”

போட்டேன். அவள் நாலு தட்டுத் தட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. சத்தத்தைப் பொறுத்தவரை நான் அன்றைக்குச் சொன்னதும் பொய்யில்லை. அவள் விரலுக்கும் அவள் பாட்டுக்கும் அதுதான் சரி. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க. அவங்க இன்னும் அந்த மிஷினத்தான் திட்டிக்கினு கீறாங்க.”

ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் பஸ் ஏறுகிறேன். உன் வீட்டு வாசலில் என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. உன் மனைவி கதவைச் சாத்தினால் சாத்தட்டும், வெளியில் நின்றே சொல்லிவிட்டு வருகிறேன். நீ இருந்தால் ‘வேணாம், வுடு’ என்றுதான் சொல்வாய். நீ சொல்லி நான் என்றைக்குக் கேட்டேன்? இதையும் கேட்பதாக இல்லை.