பென்சிலில் எழுதிய பாடவேளை

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவின் முழங்கால் வலியும் என்னுடைய வாயும் வழக்கம்போல இருக்கின்றன, அதனால் நாங்கள் இருவரும் சுகம் என்றே வைத்துக்கொள். நீயும் சுகம் என்று எழுதியிருந்ததை அப்பா அப்படியே நம்பிவிட்டார். நான் நம்பவில்லை. சுகமாக இருக்கிற பிள்ளை நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதாது, போனில் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடும். போன்ல கேட்டா நீ பேச்சை மாத்திடுவ, அதான் எழுதிக் கேக்கிறேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் கோபம் வந்தது. உண்மை என்பதால் வந்த கோபம்தான். பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன், உடம்பு சரியில்லை என்று இன்னொன்று எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து, அப்பா கடையைப் பார்க்கப் போன பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைக் கிழிக்கப்போவதில்லை.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசியில் இடம் இருக்காது. கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது கண் பரிசோதனையோடு உன் படிப்பைப் பற்றிய விளக்கமும் இலவசம். இரட்டைப் பட்டம் என்றால் என்ன என்று கேட்டவருக்கும் சொல்கிறார், கேட்காதவருக்கும் சொல்கிறார். ரெண்டு பார்வைக் கண்ணாடி மாதிரிதாங்க, மேல் பாதியில பாத்தா இசை, கீழ் பாதியில பாத்தா டீச்சர் வேலை, ஃபிரேம் ஒண்ணுதான் என்கிறார். அந்தக் கண்ணாடி போட்ட முதல் வாரம் எல்லாரும் மாடிப்படியில் தடுமாறுவார்கள் என்பதை மட்டும் அங்கேயும் சொல்வதில்லை, உனக்கும் சொல்லவில்லை. போன மாதம் அத்தை வந்திருந்தாள். பாட்டுச் சொல்லிக்கொடுக்க எதுக்கு ரெண்டு பட்டம், ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்னா என்று கேட்டாள். அப்பாவும் நானும் சிரித்தோம். பத்து நாளில் உன் கடிதம் வந்தது. அத்தை கேட்டதையே நீயும் கேட்டிருந்தாய், ஒரு பட்டம் ஏற்கெனவே தொலைந்துபோன குரலில்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். பயிற்சிக்குப் போன பள்ளியில் எட்டு வாரத்தில் உனக்குப் பதினாறு இசைப் பாடவேளை. அதில் நடந்தது மூன்று. மீதியைப் பரீட்சை என்றும், பாடம் முடியவில்லை என்றும், மழை என்றும் சொல்லி மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மழைக்கும் இசைக்கும் என்ன பகை என்று கேட்டிருந்தாய், எனக்கும் தெரியவில்லை. ஒருநாள் தாள வகுப்புக்காக இரண்டு வாரம் உட்கார்ந்து தயார் செய்த தாள்களை எடுத்துக்கொண்டு நீ போனபோது, வகுப்பில் கணக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பிள்ளைங்க யார்கிட்டயும் வெத்துத் தாள் இல்ல, அந்தத் தாளைக் கொஞ்சம் ரஃப் ஒர்க்குக்குத் தாங்களேன் என்று அந்த ஆசிரியர் கேட்டாராம், நீயும் கொடுத்துவிட்டு வந்தாயாம். எழுதிய தாளில் எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று அப்பா கேட்கிறார், பின்பக்கத்தில்தான் என்று எனக்குப் புரிந்தது. மாத முடிவுக்குள் படிவம் கொடுத்தால் இசையை விட்டுவிட்டு அந்த இடத்தில் கணக்கை எடுத்துக்கொள்ளலாம், கல்வியியல் பட்டம் அப்படியே இருக்கும், வேலையும் நிச்சயம் என்கிறாய். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. நீ இருபத்தோரு வருஷமா ஸ்கூல் ஆபீஸ்ல இருக்க, உங்க ஸ்கூல்ல மியூசிக் பீரியட் நிஜமாவே நடக்குதா, உண்மையைச் சொல்லும்மா என்று முடித்திருந்தாய்.

நடக்கவில்லை. நடந்ததே இல்லை. யார் நடக்க விடவில்லை என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். டைம்டேபிள் போடுவது என் வேலை என்று உனக்குத் தெரியும். அலுவலகச் சுவரில் கதவு அளவுக்குத் தொங்குமே, அந்தச் சார்ட். கணக்கு, அறிவியல், மொழி எல்லாம் மையில் எழுதுவேன். இசையை மட்டும் பென்சிலில் எழுதுவேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எல்லாவற்றையும் மையில்தான் எழுதினேன், ஆறே வாரத்தில் சார்ட் அடித்தல் திருத்தலாக அசிங்கமாகிவிட்டது, அதனால் அடுத்த வருடம் புத்திசாலித்தனமாக இந்த ஏற்பாடு செய்தேன். என் சார்ட் சுத்தமாக இருக்கிறது என்று ஆய்வுக்கு வந்தவர்கள் இரண்டு முறை பாராட்டியிருக்கிறார்கள். கணக்கு சார் கெட்டவர் இல்லை. வியாழக்கிழமை மாலையானால் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, மேடம், நாளைக்கு ஒரு பீரியட் மட்டும், ஒன்பது பி இன்னும் பின்னத்துலயே நிக்குது என்பார். நானும் ரப்பரை எடுப்பேன். அவர் நன்றி சொல்வார். பாட்டு சார் வெள்ளிக்கிழமை காலையில் வந்து சார்ட்டைப் பார்ப்பார், நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்களுக்கு அட்டை போடுவார். நம் பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகம்கூட அட்டையில்லாமல் இல்லை. அத்தனையும் நான் அழித்த பாடவேளைகள்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. நீ கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது ஏன் இசை ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்களே, அதை நான்தான் பிழை பார்த்தேன். ஏழு ஆண்டுகள் படித்த பள்ளியில் எனக்கு ஒரு இசை வகுப்புகூட நடக்கவில்லை, நடத்துகிற ஒருத்தியாக இருக்க விரும்புகிறேன் என்று எழுதியிருந்தாய். படிக்கிறவர்கள் பாட்டு சாரைத்தான் சோம்பேறி என்று நினைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டு நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தேன். அந்த மனுஷன் மேல் பழி விழுந்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

புதுப் பருவத்துக்கான சார்ட்டைப் போன திங்கட்கிழமை எழுத வேண்டியிருந்தது. உன் கடிதம் கைப்பையில் இருந்தது. கணக்கு, அறிவியல், மொழி எல்லாம் எழுதி முடித்தேன், இசைக் கட்டங்கள் மட்டும் காலியாக நின்றன, பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன், பாதிப் பென்சில் போய்விட்டது. பிறகு பேனாவை எடுத்து ஒன்பது பி, வெள்ளி, ஆறாவது பாடவேளை, இசை என்று எழுதினேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான், நடுங்கவில்லை, கையெழுத்து எப்போதையும்விட நன்றாகவே வந்தது. மற்ற வகுப்புகளுக்கும் எழுதினேன். தலைமையாசிரியை கூப்பிட்டு, யாரைக் கேட்டு மையில எழுதினீங்க என்றார். பென்சில் தீந்துபோச்சு மேடம் என்றேன். இருபத்தோரு வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய், அதிலும் பாதி உண்மை. வியாழக்கிழமை கணக்கு சார் வந்தார், நிலையில் சாய்ந்தார், சிரித்தார், பின்னம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறதாம். மையில இருக்கு சார் என்று காட்டினேன். கிட்டே வந்து பார்த்துவிட்டு, ஒயிட்னர் வாங்கித் தரட்டுமா மேடம் என்றார். உண்மையிலேயே உதவி செய்கிற எண்ணத்தில்தான் கேட்டார், பாவம். வேண்டாம் என்றேன். மறுநாள் அவர் எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பாட்டு சார் வந்தார். சார்ட்டைப் பார்த்தார். சுட்டுவிரலை நாக்கில் தொட்டு அந்தக் கட்டத்தில் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை. விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். ஆறாவது மணி அடித்து வகுப்புக்குப் போனவர் இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்து, மேடம், ஒரு பீரியட் எத்தனை நிமிஷம் என்று கேட்டார். நாற்பது என்றேன். அவ்வளவா என்று சொல்லிவிட்டுப் போனார். நீ ஆவலாகப் படித்துக்கொண்டிருப்பாய், அதனால் உண்மையைச் சொல்கிறேன், வகுப்பு படுமோசம். நாற்பது பிள்ளைகள் நாற்பது பக்கம் இழுத்தார்கள், எவனோ மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தான், சண்டையா என்று கேட்டுக்கொண்டு காவலாளி வாசலிலிருந்து ஓடிவந்தார். கடைசியில் ஒரு வரியாவது எல்லாரும் சேர்ந்து பாடினார்கள் என்று எழுதினால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். பாடவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது. பாட்டு சாருக்குத் தொண்டை கட்டி, வெறும் காற்றுதான் வந்தது. அடுத்த வெள்ளியும் உண்டா என்று சைகையில் கேட்டார். மை சார் என்றேன். நூலகத்துக்குப் போகவில்லை, வீட்டுக்குப் போனார்.

இத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன், ஆனால் இன்னொன்றும் நடந்தது. மணி அடித்ததும் ஒன்பது பி பிள்ளைகள் அதே பாட்டை அதே மோசத்தில் கத்திக்கொண்டு அலுவலகத்தின் வழியாக இறங்கிப் போனார்கள். ஒருத்தி சார்ட்டுக்கு முன்னால் நின்று பக்கத்தில் இருந்தவளிடம், ஏய், ரப்பர் மேடம் பேனா வாங்கிட்டாங்கடி என்றாள். பிள்ளைகள் என்னை ரப்பர் மேடம் என்று கூப்பிடுவது எனக்குப் பல வருடமாகத் தெரியும். சத்தம் வராத ரப்பர் செருப்புப் போடுகிறேன், திடீரென்று பின்னால் வந்து நிற்கிறேன், அதற்காக வைத்த பெயர் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் பெருமைகூட இருந்தது. செருப்பு தேய்ந்தபோதெல்லாம் அதே மாதிரிதான் வாங்கினேன். நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, பெயர் செருப்புக்காக இல்லை, சார்ட்டை அழிக்கிற ரப்பருக்காக. அந்தப் பெயர் உன் காலத்திலேயே இருந்தது. நீ ஏழு வருடம் இங்கேதான் படித்தாய். அப்படியென்றால் உனக்கும் தெரியும். அந்த விண்ணப்பத்தில் யாரால் நடக்கவில்லை என்று நீ எழுதாமல் விட்டது பாட்டு சாருக்காக இல்லை, எனக்காக. அதை என்னிடமே கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னாய். நான் ஒற்றுப்பிழை பார்த்தேன். இப்போதும் பதில் தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாய், நான் சொல்கிறேனா என்று பார்க்க. கெட்டிக்காரிதான் நீ. மன்னித்துக்கொள் கண்ணு.

கணக்கு எடுப்பதா இசை எடுப்பதா என்று நான் சொல்லமாட்டேன், சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கணக்கு எடுத்தால் நல்ல டீச்சராகத்தான் இருப்பாய், வியாழக்கிழமை மாலை யாரோ ஒரு ஆபீஸ் அம்மா மேசையருகில் போய்ச் சிரித்துக்கொண்டு நிற்கவும் கற்றுக்கொள்வாய். இசை எடுத்தால் பதினாறில் மூன்று கிடைக்கலாம், அந்த மூன்றும் படுமோசமாக நடக்கலாம். என் கேள்விக்கும் நீ ஒரு பதில் எழுது. அந்த மூன்று வகுப்பும் எப்படி இருந்தன என்று நாலு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

வேளாவேளைக்குச் சாப்பிடு, தொண்டைக்கு வெந்நீர் குடி, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு படியில் இறங்காதே. அப்பா கடையில் உன்னைப் பற்றி இன்று எத்தனை பேரிடம் சொன்னாரோ, அத்தனை பேர் வாழ்த்தும் எங்கள் இருவர் ஆசியும் உனக்குச் சேரட்டும். படிவத்தில் எதை எழுதுவதானாலும் பேனாவில் எழுது.

உன் அன்பு அம்மா
(ஒன்பது பி-யில் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள், உனக்குத்தான் தெரியுமே)