கருப்பட்டி தடவிய பாட்டில்

ஆவணி 14, சனிக்கிழமை

திங்கட்கிழமை மருமகள் துறைமுக ஆபீசுக்குத் திரும்ப வேலைக்குப் போக வேண்டும். ஐந்து மாதப் பேத்தி இன்னும் பாட்டிலில் குடிக்கவில்லை. தாய்ப்பாலைப் பிழிந்து ஊற்றிக் கொடுத்தாலும் துப்புகிறாள். தாய் வெளியே போய்விட வேண்டும், வேறு ஆள் கொடுக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னாளாம். தாய் பக்கத்தில் இருந்தே குடிக்காத பிள்ளை, இல்லாமலா குடிக்கும்? மூன்று நாளாக அவளை வெளியே போக நான் விடவில்லை.

இன்று காலை பாட்டில் ரப்பரில் கருப்பட்டிப் பாகு தடவினேன். நான் கருப்பட்டிக் கடை நடத்திய எங்கள் பனங்காட்டு ஊரில் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் வைப்பதே அதுதான். மருமகள் பாட்டிலைப் பிடுங்கிவிட்டாள்.

"ஆறு மாசம் வரைக்கும் பால் தவிர ஒண்ணும் கூடாதுன்னு சொன்னேம்லா மாமா?"

மகன் சிரித்தான். "கருப்பட்டிக் கடையை இங்கனயும் தொறந்தாச்சாப்பா?"

சாயங்காலம் மகனும் மருமகளும் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. பேத்தி வீறிட்டாள். வெறும் பாலோடு வாசலில் தூக்கி நடந்தேன். உப்பு லாரி போனது. "ஏளா, அங்கன பாரு" என்றேன். பார்த்தபடியே முழுவதும் குடித்துவிட்டாள்.

பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன். திரும்பி வந்த மருமகள், "வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துருதேன் மாமா" என்று அழுதாள்.

"குடிச்சிட்டா" என்றேன்.

"நான் இல்லாததாலயா?"

"லாரியப் பாத்து."

கை கடுக்கிறது. நாளை பாட்டில் நேரத்தில் மருமகளை வெற்றிலை வாங்கி வர ஆத்தூருக்கு அனுப்ப வேண்டும். நான் வெற்றிலையை விட்டு வெகுகாலமாகிறது. இருக்கட்டும்.