ஒரு கப் உலர்திராட்சை எத்தனை கிராம்

உஜோங் பாசிர், மலாக்கா
14 செப்டம்பர் 1986

மதிப்பிற்குரிய மிஸ் ரியூட்டன்ஸ் அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று அப்பா சொல்கிறார். உங்கள் நலத்தைப் பற்றித் தெரிந்த அளவுக்கு என் கணக்குப் பரீட்சையைப் பற்றி அவருக்குத் தெரியாது.

நான் ஜோவிட்டா. எட்கர் தெசெய்ராவின் ஒரே மகள், வயது பதினைந்து. பினாங்கில் ஷெரில் அக்கா கல்யாணத்தில் நீங்கள் சுட்ட கேக்கை மூன்று முறை கேட்டு வாங்கித் தின்றாரே ஒரு மீனவர், அவருடைய மகள். இரண்டு முறை கேக்குக்காகப் போனார், மூன்றாவது முறை எதற்காக என்று இப்போது எங்கள் தெருவுக்கே தெரியும்.

அப்பா என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று: "நீ சரின்னு சொன்னாத்தான் நான் அவங்களைக் கட்டிக்குவேன். வேணாம்னா வேணாம், அதோட விட்டுருவேன்." நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் சாப்பிடும்போது என் வாயையே பார்க்கிறார், நான் மீன் முள்ளைத்தான் துப்புகிறேன்.

இரண்டு: "இந்த வருஷ கிறிஸ்துமஸ் கேக்கை அவங்க சுடட்டும். உங்கம்மா அளவை எழுதி அனுப்பு." அம்மா போய் மூன்று வருஷமாக எங்கள் வீட்டு மேசையில் பக்கத்து வீட்டு கேக்தான். வருகிறவர்கள் அதைத் தின்றுவிட்டு எங்களைப் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

அம்மாவின் அளவெல்லாம் கப்பில். உங்கள் பேக்கரியில் எல்லாம் கிராமில் என்று அப்பா சொன்னதால் கப்பைத் தூக்கிக்கொண்டு லியோங் மருந்துக்கடைக்குப் போய் நிறுத்தேன். "என்னம்மா, திராட்சைக்குக் காய்ச்சலா?" என்றார் லியோங். ஒரு கப் உலர்திராட்சை 400 கிராம். கேக்குக்கு நாலு கப். ஆக 1600 கிராம். மாவு, பேரீச்சம்பழம், மற்ற அளவெல்லாம் கூட உள்ள தாளில். பார்த்துச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஜோவிட்டா தெசெய்ரா

*

புலாவ் தீக்குஸ், பினாங்கு
20 செப்டம்பர் 1986

அன்புள்ள ஜோவிட்டா,

உன் கடிதம் கிடைத்தது. பேக்கரியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், காய்ச்சல் வந்த திராட்சைவரைக்கும்.

கண்ணே, ஒரு கப் உலர்திராட்சை சுமார் 150 கிராம்தான் வரும். மேலே ஏறி உட்கார்ந்தாலும் 180-ஐத் தாண்டுவது கஷ்டம். 400 வரவேண்டும் என்றால் கப்புக்குள் வேறு ஏதோ இருந்திருக்கிறது. அப்பா வலையில் கட்டுகிற ஈயக் குண்டு எல்லாம் இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்.

நாலு கப் மாவுக்கு நாலு கப் பழம் என்றால் சரி. 1600 கிராம் போட்டால் அது கேக் இல்லை, நங்கூரம்.

இன்னொன்று. எனக்கு நீ சொல்லவேண்டிய பதிலைக் கேக்கில் ஒளித்து வைக்க வேண்டாம். வேண்டாம் என்று நீ சொன்னாலும் இந்தக் கேக்கைச் சுட்டு அனுப்புவேன். அது உங்கள் மேசைக்கு. என் விஷயம் தனி.

திரும்ப நிறுத்து எழுது, ஈயம் இல்லாமல்.

அன்புடன்,
நோயெல்லா ரியூட்டன்ஸ்

*

உஜோங் பாசிர்
3 அக்டோபர் 1986

அன்புள்ள மிஸ் நோயெல்லாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு அப்பா கரையில் நின்று "எவன்டா என் ஈயத்த எடுத்தது? போன மாசம் வரைக்கும் எண்ணி வச்சிருந்தேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்துப் படகு ஹில்லரி மாமா "மீனே வரல, ஈயம் இருந்து என்ன பண்ணப் போற?" என்றார். நடுவில் நான் போகவில்லை. பிறகு குண்டுகள் தானாகவே வலைக்கு வந்து சேர்ந்துவிட்டன. கடல் பெரியது, எதுவும் நடக்கும்.

இந்த முறை நேர்மையாக நிறுத்தேன். லியோங் சாட்சி. ஒரு கப் 205 கிராம். நீங்கள் 180-ஐத் தாண்டாது என்றீர்கள். எங்கள் மலாக்கா திராட்சைக்குச் சதை அதிகம்போல, உங்கள் பினாங்குத் திராட்சை மெலிந்ததாக இருக்கும். நான் திராட்சையை எடை போடுகிறேன், நீங்கள் என்னை எடை போடுகிறீர்கள். யாருடைய தராசு சரி என்று பார்ப்போம்.

ஜோவிட்டா

*

புலாவ் தீக்குஸ்
9 அக்டோபர் 1986

அன்புள்ள ஜோவிட்டா,

எந்தப் புட்டியிலிருந்து எடுத்தாய்? ஜூன் கடைசியில் சான் பெத்ரோ திருநாளின்போது பிராந்தியில் ஊறப்போட்ட புட்டியிலிருந்துதானே? அப்படியென்றால் நீ நிறுத்தது திராட்சையும் மூன்று மாதம் அது குடித்த பிராந்தியும். ஊறினால் எடை கூடும், உப்பும், கப்பில் எண்ணிக்கை குறையும். அம்மாவின் அளவு ஊறுவதற்கு முன்னால் எடுத்த கப்பாகத்தான் இருக்கும். எல்லார் வீட்டிலும் அளந்துதான் ஊறப்போடுவோம். கடையிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்து அதை நிறு. பேரீச்சம்பழத்தை நறுக்கிய பிறகு நிறு, முழுசாகப் போட்டால் கப்பில் பாதி காற்றுதான்.

இப்போது முக்கியமான கேள்வி. உன் அம்மா திராட்சையைக் கப்பில் சும்மா கொட்டுவார்களா, தட்டி நிரப்புவார்களா, கட்டைவிரலால் அமுக்குவார்களா? மூன்றும் மூன்று கேக். எது என்று தெரியாமல் நான் கிராம் போட்டால் அது என் கேக்காகிவிடும்.

அன்புடன்,
நோயெல்லா

*

உஜோங் பாசிர்
19 அக்டோபர் 1986

அன்புள்ள நோயெல்லா ஆன்ட்டிக்கு,

பொட்டலத்தைப் பிரித்து நிறுத்தேன். கொட்டினால் 145. தட்டினால் 155. அமுக்கினால் 175.

அம்மா எப்படிச் செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் நின்றுதான் பார்ப்பேன். செர்ரி திருடத்தான் நிற்பேன், அதனால் என் கண் செர்ரிக் கிண்ணத்தில்தான் இருந்திருக்கும். அம்மாவின் கவுன் நிறம் நினைவிருக்கிறது. "கையை எடு, அடி வாங்குவ" என்ற குரல் நினைவிருக்கிறது. அந்தக் கப்பும் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குள் விரல் போனதா இல்லையா என்பது மட்டும் வரமாட்டேன் என்கிறது. அப்பாவைக் கேட்டேன். "நான் எங்க பாத்தேன்? திங்கத்தானே உள்ள வருவேன்" என்றார். அப்புறம் வெளியே போய் வெகுநேரம் வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அதில் கிழிசலே இல்லை.

மூன்று வருஷத்தில் இது போய்விட்டது. இன்னும் என்னென்ன போயிருக்கிறது என்று தெரியவில்லை.

நீங்களே ஏதாவது ஒரு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோவிட்டா

*

புலாவ் தீக்குஸ்
27 அக்டோபர் 1986

என் அன்பு ஜோவிட்டா,

நான் எந்த எண்ணையும் வைத்துக்கொள்ள மாட்டேன்.

இத்துடன் மலாக்கா பஸ்ஸில் ஒரு டப்பா வருகிறது. உள்ளே மூன்று குட்டி கேக், ஒவ்வொன்றும் கால் பங்கு. ஒரு செர்ரி வைத்தது கொட்டிய கப், இரண்டு செர்ரி தட்டிய கப், மூன்று செர்ரி அமுக்கிய கப். மற்றதெல்லாம் நீ எழுதிய அளவுதான், நூல் பிசகவில்லை. கண் மறந்ததை நாக்கு வைத்திருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் தின்ன மூன்று கேக் மிச்சம்.

அப்பாவோடு உட்கார்ந்து தின்னு. முதலில் தின்பது செர்ரியாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

உன் பதிலுக்கு அவசரமில்லை. இந்தக் கடிதத்துக்கும்தான், அதற்கும்தான்.

அன்புடன்,
நோயெல்லா

*

உஜோங் பாசிர்
9 நவம்பர் 1986

அன்புள்ள நோயெல்லா ஆன்ட்டிக்கு,

டப்பா பத்திரமாக வந்தது. கண்டக்டர் மோந்து பார்த்திருக்கிறார், தின்னவில்லை என்று அவரே வந்து சொன்னார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து அப்பாவும் நானும் உட்கார்ந்தோம். மூன்று செர்ரி கேக்கை முதலில் வெட்டினோம். ஒரே மூச்சில் பாதியை முடித்துவிட்டோம். அவ்வளவு நன்றாக இருந்தது. இது அம்மாவுடையதாக இருக்கட்டும் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். இல்லை. இரண்டு செர்ரியும் இல்லை.

ஒரு செர்ரியில் கத்தி வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. அப்பா ஒரு துண்டு வாயில் போட்டார். மென்றார். இன்னும் மென்றார். தண்ணீர்க் குவளையைத் தேடினார். பிறகு, "மேபல்" என்றார். அம்மா பேர். மூன்று வருஷமாக இந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லாத பேர்.

"இதேதான். ரெண்டு டம்ளர் டீ இல்லாம தொண்டையில எறங்காது. கல்யாணம் ஆன மொத வருஷம் சொல்லிப்புட்டேன், நாலு நாள் சோறு கெடைக்கல. அதுக்கப்புறம் அவ சாகுற வரைக்கும் அருமை அருமைன்னே தின்னேன்" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். ஹில்லரி மாமா சத்தம் கேட்டு வந்து ஒரு துண்டு வாயில் போட்டு, "அட, மேபல் கேக்கு! எடு தண்ணிய" என்றார். அதன் பிறகு இருவரும் அம்மாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒன்றுகூட நல்ல விதமாக இல்லை. நான் இவ்வளவு நாளாய்க் கேட்க விரும்பியது அதைத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. செத்தவர்கள் எல்லோரையும் புனிதர் ஆக்கிவிட்டால் வீட்டில் அவர்கள் உட்கார இடம் இருப்பதில்லை.

எனக்கும் நாக்கில் வந்துவிட்டது. அம்மா அமுக்கமாட்டார். கொட்டி, மேலே வழிந்ததைக் கையால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பொறுமை கிடையாது. 145 கிராம் ஆன்ட்டி. எங்கும் எழுதி வைக்க வேண்டாம், இனி மறக்காது.

அமுக்கிய கேக்கு அம்மாவுடையதைவிட நன்றாக இருந்ததற்கு இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் மிச்சத் துண்டை நானே தின்றேன், அப்பாவுக்கு வைக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் வழக்கம்போல என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்றேன். எதற்குச் சரி என்று அவர் கேட்கவில்லை. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு எதற்குச் சாத்தினோம் என்று தெரியாமல் மறுபடி திறந்து வைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு அமுக்கிய கப்பே போடுங்கள். வருகிறவர்கள் தண்ணீர் கேட்காமல் தின்றால் சந்தேகப்படுவார்கள், பட்டுக்கொள்ளட்டும். கேக்கைப் பஸ்ஸில் தனியாக அனுப்பாதீர்கள், கூடவே நீங்களும் வாருங்கள். எந்தப் பஸ் என்று எழுதுங்கள், நானும் நிலையத்துக்கு வருவேன். அப்பாவை மட்டும் அனுப்பினால் உங்களிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் வீடு வரும்வரை கேக் டப்பாவோடு பேசிக்கொண்டு வருவார்.

அன்புடன்,
ஜோவிட்டா